இரண்டு மெஷின், ஒரே தலை

மார்ச் 3, திங்கள்
அக்காவின் மூளை ஸ்கேன் வந்துவிட்டது. ஞாபகத்துக்கான பகுதி போன வருஷத்தைவிட ஒன்பது சதவீதம் சுருங்கியிருக்கிறதாம். ஆனால் போன வருஷம் எடுத்தது பழைய மெஷினில், இப்போது புதியதில். ஒரே தலையை இரண்டும் ஒரே மாதிரி அளக்காது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதுதானே ஆஸ்பத்திரியில் என் பிழைப்பே? இது மெஷின்தான். மெஷினாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி
சோறு இறங்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
கிடைத்துவிட்டது! பழைய மெஷினில் எடுத்தவர்கள், புதியதில் எடுத்தவர்கள் என எல்லா நோயாளிகளின் அளவுகளையும் சேர்த்து, இரண்டு சராசரியையும் சமன்படுத்தினேன். புது மெஷின் எல்லாரையுமே சின்னதாகத்தான் காட்டுகிறது. அந்தக் குறையை ஈடுகட்டினால் அக்காவுக்குச் சுருக்கமே இல்லை! அவள் கணவரிடம் போனில் கத்தினேன். "அப்படியாம்மா? ரொம்ப சந்தோஷம்" என்றார் அத்தான். குரல் என்னவோ உப்புச்சப்பில்லாமல் இருந்தது. மனுஷன் எப்பவும் அப்படித்தான்.

மார்ச் 13, வியாழன்
என் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் தராசம்மா. என் கணக்கைப் பார்த்துவிட்டு, "புது மெஷினுக்கு யாரை அனுப்பினோம்?" என்றார்.
"நோய் முத்தினவங்களை."
"அப்போ அவங்க சராசரி குறைஞ்சுதானே இருக்கும்? அது மெஷினோட வேலை இல்ல. நீ நோயையே துடைச்சுட்டு வந்து நிக்கிறே."
முதல் வருஷத்துப் பாடம் இது. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் செஞ்சேனா? ஐயோ, தெரியலையே.

மார்ச் 19, புதன்
இனி ஒரே வழிதான். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு மெஷினிலும் எடுத்துப் பார்ப்பது. நோய் இல்லாத சிலர் சம்மதித்தார்கள். நானும் படுத்தேன். காதைப் பிளக்கும் தடதடப்புக்குள் ஒரே வேண்டுதல் — புது மெஷினில் என் மூளையும் சுருங்கித் தெரியட்டும். யாராவது இப்படி வேண்டுவார்களா?

மார்ச் 24, திங்கள்
வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. எனக்கும் சரி, மற்றவர்களுக்கும் சரி.
மிச்சமெல்லாம் அக்காவுடையது.

மார்ச் 25, செவ்வாய்
அத்தானிடம் நேரில் போய்ச் சொன்னேன்.
"தெரியும்மா. கொஞ்ச நாளா அடுப்பை நான்தான் அணைக்கிறேன். அன்னிக்கு நீ அவ்வளவு குஷியா பேசினே. எப்படிச் சொல்றது?"
அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.
"நீயும் அந்தக் குழாய்க்குள்ள படுத்தியாமே? உனக்கு ஒண்ணும் இல்லையேடி?"
"ஒண்ணும் இல்லக்கா."
"அப்பாடா! இப்பத்தான் உயிரே வந்துச்சு."
கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். அதே "அப்பாடா". கிளம்பும்போது வாசல்வரை வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அதே பயத்தோடு இன்னொரு தடவை.
ஒண்ணும் இல்லக்கா.