சாமியாரின் தொட்டியைக் கழுவியது நான்தான்

என் உசுரு அண்ணனுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாளாக ஒரு வரி எழுதாதவள் இன்று பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூடப் பொய்தான். ரெண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய்ப் பின்கட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பை எட்டிப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். டப்பில் கிடப்பது உன் சாமியார்.

ஆமாம், உன் பெரிய தங்கமீன்தான். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் நீ தனிக்கட்டையாக இருந்தபோது வாங்கியது. எந்நேரமும் ஒரு மூலையில் கண்ணைத் திறந்தபடி அசையாமல் நிற்கிறது என்று நீ வைத்த பேர். உன் வீட்டைக் காலி பண்ணின அன்று கட்டிலும் பீரோவும் யார் யார் வீட்டுக்கோ போயின. தொட்டியையும் அஞ்சு மீனையும் மட்டும் யாருக்கும் விடாமல் நான் எடுத்துக்கொண்டு வந்தேன். நம் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் நாலு தெருதானே? வழி நெடுகத் தண்ணீர் தளும்பி என் புடவையெல்லாம் பாசி நாற்றம்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேள். திட்டுவதாக இருந்தால் முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டு.

இந்த ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் கழுவாத பொருள் ஒன்று பாக்கியில்லை. உன் மாப்பிள்ளையின் சைக்கிள், என் தையல் மிஷின், அரிவாள்மனை, எல்லாம் பளபளவென்று வரிசையாக நின்றன. அண்ணன் வைத்துவிட்டுப் போன தொட்டி மட்டும் பாசி படிந்து கிடக்கலாமா? மீன்களை வாளியில் விட்டேன். கூழாங்கற்களைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். ஃபில்டருக்குள் இருந்த பஞ்சு சேறும் சகதியுமாகக் கறுத்திருந்தது. அதைக் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று ஆகும்வரை கசக்கினேன். புதுத் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, மீன்களைத் திரும்ப விட்டேன். பொரி வாங்க வந்த அக்கம்பக்கம் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலாம் நாள் காலையில் பார்த்தால் அஞ்சு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. துடுப்பில் ரத்தம் கோடு கோடாக இருந்தது. உன் மாப்பிள்ளை பல் விளக்கிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார்.

"தெருவே வந்து பாத்துட்டு போச்சில்ல, கண்ணு பட்டுகீது. சுத்திப் போடு."

சிரிக்காதே, நிஜமாகவே சுத்திப் போட்டேன். மீனுக்கு! பிறகு கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். அதுவும் போதாதென்று உன் மீன் மருந்துப் பெட்டியில் இருந்த நீல மருந்தையும் எடுத்து ஊற்றினேன். என்ன நோய் என்றே தெரியாமல் மருந்துக்கு மேல் மருந்து. மறுநாள் அவற்றுக்கு நீந்தவே முடியவில்லை. நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துச் செங்கல்பட்டுக்கு ஓடினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நீ வழக்கமாகப் போவாயே, அந்த வளர்ப்பு மீன் கடைக்கு. கடைக்காரருக்கு உன்னை நன்றாக ஞாபகம் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பஞ்ச இன்னா பண்ண?" என்றார்.

"சுத்தமா கசக்கிட்டேன்."

"குழாத் தண்ணிலயா? போச்சு. அந்த அழுக்குலதாம்மா அதுங்க உசுரே கீது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க அதுல குடியிருந்துகினு, மீனு விடுற கழிவையெல்லாம் தின்னுகினு இருக்கும். நீ அத்தனையும் கழுவி சாக்கடைல வுட்டுட்ட. இப்ப மீனுங்க அதுங்க மூத்தரத்துலயே மூச்சு வுடுதுங்க. நோவு மீனுக்கு இல்லம்மா, தண்ணிக்கு."

எனக்குக் காது சுட்டது. அண்ணா, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியாதா? காலையிலிருந்து சாயங்காலம் வரை சோதனைக்கூடத்தில் தண்ணீரைத்தானே பார்க்கிறேன்? டவுன்ஷிப்பின் ஒவ்வொரு குழாயும் என் கையைத் தாண்டித்தான் போகிறது. என் வீட்டுக் கூடத்தில் இருந்த தண்ணீரை மட்டும் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. மறுநாள் ஊறுகாய் பாட்டிலில் எடுத்துப் போய்ப் பார்த்தேன். மீன் கழிவின் அம்மோனியா அளவைக் கண்டதும் பாட்டிலை நானே ஒளித்து வைத்தேன்.

கடைக்காரர் நல்ல மனுஷன். தன் தொட்டியிலிருந்து அழுக்குப் பிடித்த பழைய பஞ்சு ஒரு துண்டைப் பிய்த்து, தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார். "இத்த ஃபில்டர்ல வையி. தெனம் கால்வாசித் தண்ணி மாத்து. மருந்த நிறுத்து. சோறு கம்மி பண்ணு. கைய வெச்சுகினு சும்மா இரு, அதான் கஷ்டம் உனக்கு" என்றார். என்னை எடை போட்டுவிட்டார் பார்!

நாலு மீன் பிழைத்துக்கொண்டன. சின்னதுகள், தாங்கிவிட்டன. சாமியார் தாங்கவில்லை. உடம்பில் நீர் கோத்துக்கொண்டு, செதில் அத்தனையும் தூக்கிக்கொண்டு, மேலிருந்து பார்த்தால் அன்னாசிப்பழம் மாதிரி ஆகிவிட்டான். தனி டப்பில் விட்டேன். கோத்த நீர் வடிய எப்சம் உப்பு, மருந்து கலந்த தீனி, ரெண்டு வேளையும் தண்ணீர் மாற்றல், எல்லாம் கடைக்காரரிடம் போனில் கேட்டுக் கேட்டுச் செய்தேன். எட்டு நாளாக அவன் எதையும் தின்னவில்லை. கண் பிதுங்கிவிட்டது. நேற்றிலிருந்து ஒருக்களித்துக் கிடக்கிறான். நிமிர்த்திவிட்டால் திரும்பச் சாய்கிறான். நான் திரும்ப நிமிர்த்துகிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடைக்காரருக்கு மறுபடி போன் பண்ணினேன். வேறு மருந்து இருக்கிறதா என்று கேட்டேன்.

"இனிமே பொயைக்காதும்மா. உள்ள எல்லாம் கெட்டுகீது. வூட்ல கிராம்பு எண்ணெ இருந்தா, கொஞ்சம் வெந்நில நல்லா குலுக்கி, மெதுவா அதுங்கிட்ட ஊத்து. தூங்கிடும். தூங்கினப்பறம் இன்னும் கொஞ்சம் ஊத்து. மூச்சு அடங்குனாலும் கால் மணி நேரம் அப்பிடியே வுடு. அதுக்கு வலிக்காது."

"நீங்க மீன் விக்கிறவரா, கொல்றவரா?" என்று கத்திவிட்டேன்.

"வித்தவன்தாம்மா சொல்றேன்" என்றார். "அது உனக்காவத்தான் இழுத்துகினு கீது."

போனை வைத்துவிட்டு வீட்டை மூணு தடவை சுற்றி வந்தேன். யாருக்காக நிமிர்த்துகிறேன்? அவனுக்காகவா? அவன் எட்டு நாளாகச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறான்?

நீயும் சொன்னாய். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கையை விரித்த பிறகு, மூக்கில் குழாயோடு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்குப் போலாம்மா, பேஜாரா கீது" என்றாய். நான் நாளைக்குப் போகலாம் என்றேன். இன்னொரு ஸ்கேன், இன்னொரு ஊசி, நாளைக்கு. அடுத்த நாளும் கேட்டாய். அப்போதும் நாளைக்கு. உனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, உன்னைக் கூட்டிப்போகக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான் ஒருத்திதான். போட்டிருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் உன் வீட்டில் இருந்திருப்பாய். நீ பிழைக்க வேண்டும் என்று நினைத்தேன் அண்ணா, சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். உன்னை விட்டுவிட்டு நான் எப்படி இருப்பேன் என்றும் நினைத்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆறு நாள் கேட்டாய். ஏழாம் நாள் நீ எதுவும் கேட்கவில்லை.

இதை எழுதும்போது மணி நாலு. நடுவில் எழுந்து போய்விட்டு வந்தேன், அதனால்தான் எழுத்து இப்படி மாறியிருக்கிறது. பெட்டிக்கடையில் கிராம்பு எண்ணெய் கிடைத்தது. கடைக்காரர் சொன்னபடியே செய்தேன். சாமியார் முதலில் ஒருதரம் வாலை அசைத்தான். பிறகு செவுள் மெதுவாக, மெதுவாக அடங்கியது. கால் மணி நேரம் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. இந்தத் தடவை நான் நிமிர்த்தவில்லை.

என்னை மன்னிப்பாயா என்று கேட்க மாட்டேன். நீ மன்னித்துவிடுவாய், அதுதான் எனக்குத் தாங்காது. ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். இனி என் கையைப் பிடித்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டாலும், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போவேன்.

உன்னைக் கூட்டிக்கொண்டு வராத
உன் தங்கச்சி,
செல்வி