கடல் காற்று நின்றுபோன வீடு

அன்பு மகள் கொமாரியாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே நான் சுகம், கோழிகள் சுகம், குளத்து மீன்கள் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ரோட்டர்டாமில் குளிர் விட்டதா, நீயும் மருமகனும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் நீ கேட்டபோதெல்லாம் வெயில்தான் கொஞ்சம் அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டேன், அது பாதிதான் உண்மை. மீதியை எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நம் வீட்டுக்கும் மீன் குளங்களுக்கும் நடுவே சித்தப்பா மஷூரியின் மனை காலியாகக் கிடந்ததே, அதில் அவர் உழவாரன் குருவிக்கு வீடு கட்டிவிட்டார். சீனர்கள் சூப்புக்கு வாங்கும் கூட்டுக்காகத்தான். மூன்று மாடி உயரம், ஜன்னலே கிடையாது, உச்சியில் குருவி நுழைய ஒரு பொந்து, அதன் பக்கத்தில் ஒலிபெருக்கி. குருவிகளை வரவழைக்கப் பதிவு செய்த குருவிச் சத்தம் விடியல் சுபுஹிலிருந்து அந்தி மஃரிபு வரை கத்துகிறது, என் காதே போய்விட்டது. கட்டுவதற்கு முன்னால் அவர் முறைப்படி வாழையிலையில் சோறும் கறியும் கட்டிக்கொண்டு வந்து அப்பாவிடம் கேட்டார். சோறு கொண்டுவந்த தம்பியின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வருமா? "உன் மனை, உன் இஷ்டம், நல்லாக் கட்டு" என்று சொல்லிவிட்டு அப்பா தன் தேநீரைத் தொடாமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். நம் ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் அந்தத் தேநீரைப் பார்த்தே சம்மதமில்லை என்று புரிந்து எழுந்து போயிருப்பான். சித்தப்பா சுரபாயா பட்டணத்திலேயே இருந்து பழகியவர், "அண்ணன் சம்மதிச்சிட்டாரு அண்ணி" என்று சந்தோஷமாக என்னிடம் வந்து சொன்னார். நானும்தான் என்ன செய்தேன், சிரித்தேன்.

நீ இந்த வீட்டைக் கட்ட வரைபடம் போட்டபோது சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, "வீடு தனியா நிக்காதும்மா, காத்து, குளம், மரம் எல்லாத்தோடயும் சேர்ந்துதான் அது ஒரு உசிரு" என்றாய். அப்படித்தான் இருந்தது. மதியம் கடல் காற்று குளங்களின் மேல் தவழ்ந்து குளிர்ந்து வடக்கு மூங்கில் தட்டி வழியாக உள்ளே வரும், உள்ளிருக்கும் சூடு மேலே ஏறிக் கூரை உச்சியில் நீ திறந்துவிட்ட வாய் வழியாகப் போய்விடும், மின்விசிறிகூடத் தேவைப்படாது. இப்போது காற்று சித்தப்பாவின் சுவரில் முட்டி வேறு பக்கம் போகிறது. கூரை வாய் திறந்துதான் இருக்கிறது, சூட்டைத் தள்ளிவிடத்தான் ஆளில்லை. போதாததற்கு அந்தச் சிமெண்டுச் சுவர் பகலெல்லாம் காய்ந்து ராத்திரி நம் மேல் அனலைக் கொட்டுகிறது. அடுக்களைத் தண்ணீர் போகும் கல்வாழைப் பாத்தி மட்டும் நீ சொன்னபடியே வேலை செய்கிறது, நன்றாகப் பூத்திருக்கிறது. எனக்கு உன்மேலும் கோபம்தான் மகளே. வெயில், மழை, காற்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தாய், சித்தப்பாவை எடுக்கவில்லையே. இதில் வேடிக்கை, சாயங்காலமானால் குருவிகள் அவர் மாடியை விட்டுவிட்டு நம் கூரை வாயைத்தான் சுற்றுகின்றன. "குருவிக்குக் கட்டின வீட்டுக்கு ஒண்ணும் வரல, மனுஷனுக்குக் கட்டினதுக்குத்தான் வருது, வாடகை யாருகிட்டடா கேக்குறது?" என்று அப்பா தம்பியைக் கிண்டல் செய்தார். கிண்டல் செய்ய வந்த வாய்க்கு, தம்பி சோறு கொண்டுவந்த அன்றைக்கு ஒரு வேண்டாம் சொல்ல வரவில்லை.

மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியதை உனக்குச் சொன்னேன். எழுந்துவிட்டார் என்றும் சொன்னேன். எழுந்தார்தான், ஆனால் மூச்சு பழையபடி வரவில்லை. இரண்டு வாய் சோறு சாப்பிட்டால் இளைக்கிறது. கிரேசிக் டவுன் டாக்டர் "இந்தப் புழுக்கம் இவருக்கு ஆகாது, அறையை அடைச்சு ஏசி போடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். நம் வீட்டில் அடைப்பதற்கு அறை ஏது? சுவர்கள் எல்லாம் பாதியோடு நிற்கின்றன. வடக்குத் தட்டியைப் பிரித்துச் செங்கல் வைக்க வேண்டும், கூரை வாயைப் பலகை அடித்து மூட வேண்டும். சித்தப்பா அழுதுகொண்டே கொத்தனாரைக் கூட்டிவந்தார், அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு மட்டும் வேண்டாம் என்ற சொல் நன்றாகவே வந்தது. "என் மவ கட்டின வீட்டோட மூக்கையா பொத்தச் சொல்றீங்க? இந்த வீட்டைப் பத்திப் பத்திரிகையில போடப் படம் புடிக்க வந்த பிள்ளைங்க மறுபடி வந்தா என்னத்தக் காட்டுவேன்?" என்கிறார். கட்டிலை இங்கும் அங்கும் இழுத்துப் போட்டுப் பார்த்தார், இப்போது அதற்கும் தெம்பில்லை. வடக்குத் தட்டியோரம் தரையில் படுத்து மூங்கில் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு கிடக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறேன், என் கை ஓய்ந்தால் கண்ணைத் திறந்து பார்க்கிறார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை மகளே.

நான் சொல்லிக் கேட்கமாட்டார், இமாம் சொல்லியும் கேட்கவில்லை. நீதான் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம், உன் குரல் கம்மினால் உடனே கண்டுகொள்வார். காகிதத்தில் எழுது. தட்டியைப் பிரியுங்கள், கூரையை மூடுங்கள் என்று நீயே எழுது. அந்த வீடு உனக்கு என்ன என்று தெரிந்துதான் கேட்கிறேன். வீட்டை எப்படியும் நீ மறுபடி கட்டிக்கொள்வாய்.

இறைவன் உன் நெஞ்சுக்கும் அவர் நெஞ்சுக்கும் விசாலத்தைக் கொடுக்கட்டும், மருமகனுக்கு என் சலாம் சொல். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே போகாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. எழுதும்போது அழுகை வந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுது. உன் எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தாலும் நீ அழுததை அப்பா கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் செங்கல்லைத் தொட விடமாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சிதி முனாவரோ