எட்டு மூடை யூரியா

பிப்ரவரி 3
நூலகத்தில் கடலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு முதல் வகுப்பு. அடுப்படியில் சொல்லிப் பார்த்தேன். இவர் உட்கார்ந்து கேட்டார் — கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை. "பருத்திக்கு யூரியா மாதிரி, கடல் பாசிக்கு நைட்ரஜன். அது கிடைத்தால் பாசி பெருகும், காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், மீனுக்கும் இரை சேரும்" என்பது வரைக்கும் சொன்னேன். "கூப்பிடுறாக" என்று எழுந்து போய்விட்டார். மீதியைக் குக்கருக்குச் சொன்னேன்.

பிப்ரவரி 20
கண்மாய் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. இந்த வருஷம் மீனுக்கு இவர்தான் பொறுப்பு. பங்குனியில் ஊரே இறங்கிப் பிடிக்கும். கெண்டை சிறுத்திருந்தால் இவரைத்தான் ஏசுவார்கள்.

"தண்ணி ஏன் இப்படி இருக்கு?"

"நீ சொன்னதுதேன். யூரியா போட்டேன்."

"எவ்வளவு?"

"நீ சொன்னது கடலுக்கு. கண்மாய்க்குத் தக்கன கொறைச்சுக்கிட்டேன். எட்டு மூடை."

மீதிப் பாடத்தைச் சொன்னேன். பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துவிடும். கடலிலும் அப்படி மூச்சற்ற இடங்கள் உண்டு. அங்கே நைட்ரஜன் வேறொரு வாயுவாகி மேலே வந்து பூமியைச் சூடாக்கும். சூடான தண்ணீரில் பிராணவாயு இன்னும் குறையும். அண்ணன் தம்பி வரப்புத் தகராறு மாதிரி, ஒன்று மற்றொன்றை வளர்க்கும்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார்.

பிப்ரவரி 21
இருவருக்கும் தூக்கமில்லை.

பிப்ரவரி 27
விடிகாலையில் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் ஓடி வந்தாள். "டீச்சர், மீனெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு மேல நிக்குது!"

சாவதற்குள் பிடிக்கச் சொல்லுங்கள் என்றேன். இவர் ஊரைக் கூட்டி, இறங்கலாம் என்று துண்டை வீசினார். கூடையும் கொசுவலையுமாக இறங்கினார்கள். மீன் ஓடவே இல்லை. "வெள்ளத்துரை வளத்த மீனு, தானா கைக்கு வருதுடா!" என்று ஒரே கூச்சல். மாலை போட்டார்கள். இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஊரெல்லாம் மீன்குழம்பு. எங்கள் வீட்டில் ரசம்.

மார்ச் 4
பந்தல்குடிப் பக்கமிருந்து மொக்கையன் வந்தார். அவர் ஊர்க் கண்மாய்க்கு அவர் பொறுப்பு. "மாமா, என்ன மருந்து போட்டீக? எங்களுக்கும் சொல்லுங்க."

மறைத்தால் இன்னொரு கண்மாய் போகும். சொன்னால் இவர் பேர் போகும்.

இவர் வண்டியில் அவரைக் கண்மாய்க்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்தபோது மொக்கையன் மூக்கைத் துண்டால் பொத்தியிருந்தார். "ஆடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போகுதே மாமா!"

"மூச்சு முட்டி வந்த மீனுக்குத்தேன் மாப்ள மாலை போட்டாக. ஊர்க்கூட்டத்துல நானே சொல்லப் போறேன்."

மார்ச் 6
சொல்லிவிட்டார். மீன் பொறுப்பு எதிர்வீட்டு மாரீஸ்வரனுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியவர், "அந்தக் கடலுக்கு யாரு யூரியா போடுறது?" என்று கேட்டார்.

"நாமதான். பருத்திக் காட்டுல போடுறது, மழை பேஞ்சா குண்டாத்தோட கடலுக்குப் போகுது."

கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டினார்.

"அதுக்கு எந்த ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்றது?"

மோர் ஊற்றிக் கொடுத்தேன்.