தங்கராஜுக்குப் பதில் மணி

1978 நவம்பர், வியாழன் இரவு

எங்கள் லக்ஷ்மிபாய் நகர் ஃபுட்பால் டீமுக்கு நான் கேப்டன். பக்கத்து ஏரியாவான கோல் மார்க்கெட்டின் டீம், தடுத்து ஆடும் தங்கள் பேக் தங்கராஜை எங்களுக்குத் தருவதாகச் சொன்னது. பதிலுக்கு மணியைக் கேட்டது. எங்களுக்குக் கோல் போடுகிற ஒரே ஆள் மணிதான். ஒரு வாரமாக இதே யோசனை. தங்கராஜ் நின்றால் பந்து தாண்டாது. மணி போனால் கோல் யார் போடுவது?

இன்று சாயங்காலம் எங்களோடு ஆடிப் பார்க்க, எங்கள் பிராக்டிஸுக்குத் தங்கராஜே வந்தார். மணி ஐந்து தடவை பந்தோடு அவரைத் தாண்டப் பார்த்தான். ஐந்து தடவையும் பறிகொடுத்தான். ஆறாவது தடவை வலது பக்கம் போவதுபோல் சாய்ந்து, அவர் கால்களுக்கு நடுவே பந்தைத் தள்ளிவிட்டு ஓடினான். கோல்! கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

தங்கராஜ் சிரித்தபடி என்னிடம் வந்தார். "கேப்டன் சார், இவனை யாருக்கும் கொடுக்காதீங்க. எனக்காக இவனைக் கொடுத்தா நான் வரவே மாட்டேன்."

"அப்போ ஞாயித்துக்கிழமை மேட்ச்ல எங்களுக்கு எதிராத்தான் ஆடுவீங்க?"

"பின்னே? இன்னைக்கு விட்ட மாதிரி அன்னைக்கு விடமாட்டேன்."

"பாத்துரலாம் அண்ணே!" என்றான் மணி.

கோல் மார்க்கெட் கேப்டனுக்கு, வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோற்றாலும் தோற்போம். ஆனால் அவர்கள் இருவரும் மோதுவதைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டுமே!