கற்பூரம் காட்டியது நான்தான்

பீடோங்

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா எழுதுவது. உன் தம்பியின் வலது முட்டியைத் தவிர இங்கே எல்லாரும் நலம். நீயும் அங்கே நலம் என்று மட்டும் பதில் எழுதாதே, உன் முட்டிச் சில்லும் நழுவுகிறது என்று எனக்குத் தெரிந்துபோய்விட்டது. வாட்ஸ்அப்பில் திட்டினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாய், அதனால்தான் பெர்த்துக்கு முறுக்கு டின்னோடு இந்தக் கடிதம்.

விக்னேஸ்வரனுக்குப் போன வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. மூன்று தடவை நழுவியும் கட்டுப் போட்டால் போதும் என்று திரிந்தவன், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உறுமி மேளத்தை மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான் பார், சில்லு பக்கவாட்டில் போய்விட்டது. கத்திக்கொண்டே விழுந்து துடித்தான். சாமி வந்துவிட்டது என்று எல்லாரும் குலவை போட்டார்கள், மற்ற உறுமிக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள், பக்கத்து வீட்டுக் காளியம்மா தன் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று குறி கேட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கற்பூரம் காட்டியது நான்தான். யம்மா, முட்டி கழண்டு போச்சு, ஆம்புலன்ஸ் கூப்பிடு லா என்று அவன் அலறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பெற்ற பிள்ளை வலியில் துடிக்க நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேனே. காளியம்மா மட்டும் பதிலுக்கு இன்னும் காத்திருக்கிறாள்.

சில்லை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும் நார் அறுந்துவிட்டதாம். டாக்டர் தொடைக்குப் பின்னாலிருந்து வேறு நார் எடுத்து அங்கே கட்டியிருக்கிறார். ஆறு மாதத்துக்காவது ஆட்டம் கிடையாது, தினமும் காலைத் தூக்கி இறக்கும் பயிற்சிதான். பத்து தடவை தூக்கச் சொன்னால் நாலோடு நிறுத்திவிட்டு, பத்து ஆகிவிட்டது, அம்மாவுக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்கிறான் தடியன்.

ஆபரேஷன் மயக்கம் தெளியும்போதுதான் உன் தம்பி, அந்தத் துரை, நிஜமாகவே குறி சொன்னார். கண்ணைத் திறக்காமல், நர்ஸ் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மிசி, எங்க அக்காவுக்கும் அங்க ரெண்டு தடவை நழுவிடுச்சு, மாடிப்படியில விழுந்துடுச்சு, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க என்றான். பக்கத்தில் நின்ற நிஜ மிசி சிரித்துவிட்டாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. ஆபரேஷன் என்றால் டிக்கெட் போட்டு வருகிறேன், காலைத் தூக்கினால் பத்து வரை சரியாக எண்ணுகிறேன். ரெண்டு காலும் நேராக, நூறு வயசு இரு. முறுக்கு டின்னைத் திருப்பிக் கொண்டுவர மறக்காதே. இங்கே விழுந்தால் கற்பூரம் காட்டவாவது ஒரு மடச்சி இருக்கிறேன், அங்கே படிக்கட்டில் நீ விழுந்து கிடந்தால் யாருடி இருக்கிறார்கள்?

உன் அம்மா
தேவகி