மூன்று எண்ணுவதற்குள் விரியும் கூடாரம்

அன்புள்ள ரத்தினம் மாமாவுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாள் உன்னோடு பேசாமல் இருந்ததற்குக் கோபம்தான் காரணம். இப்போது தீர்ந்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளாதே. உன் கூடாரத்தை நாலு பேர் அறியத் திட்டவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். இருந்தவரைக்கும் அதைப் பற்றி ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டாயே, அதற்கு இதுவாவது வேண்டாமா?

மழை தொடர்ந்து பொய்த்த வருடங்களில் சத்தியவேடு பக்கத்தில் பாதி ஆண்கள் பாஸ்போர்ட் எடுத்தார்கள். நீயும் எடுத்தாய். என் அக்கா கோமளாவைக் கட்டி எட்டு மாதம்கூட ஆகவில்லை. பதினோரு வருடம் குவைத்தில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டிவிட்டுத் திரும்பியபோது, நம் வாசல்வரைக்கும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்திருந்தது. எனக்கு அங்கே ஷிப்ட் வேலை. உனக்குப் பக்கத்துக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. வாரம் ஆறு நாள் யார் யாருடைய காருக்கோ கேட் திறந்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு என்னோடு பிச்சாட்டூர் ஏரிக்குக் கிளம்புவாய். கெளுத்தி ராத்திரியில்தான் கடிக்கும். விடிய விடியக் கரையில் கிடப்போம்.

கட்டாந்தரையில் தார்ப்பாய் போட்டுப் படுத்த காலமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல மாட்டேன். பனி, கொசு, திடீர் மழை. ஒரு கூடாரம் வேண்டும் என்று முதலில் கேட்டதே நான்தான். ஆனால் நீ குவைத்திலிருந்து கொண்டுவந்து பரண்மேல் போட்டிருந்ததை இறக்கினாயே, அது கூடாரமா? கடற்கரைக்குப் பகலில் வருகிறவர்கள் வெயிலுக்கு விரித்து, குழந்தையை உட்காரவைத்து ஐஸ்கிரீம் ஊட்டிவிட்டுப் போகிற சாமான். முன்பக்கம் கதவில்லை. கீழே தரையில்லை. வட்டமாகச் சுருட்டிய கம்பியும் நீல நிறத் துணியும், அவ்வளவுதான்.

முதல் நாள் ஏரிக்கரையில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினாய். "பார்ரா ஜெகா, ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று தூக்கி எறிந்தாய். காற்றிலேயே விரிந்து விழுந்தது. ஆட்டோ ஓட்டுகிற கோவிந்தண்ணன் கை தட்டினார். உன் முகத்தைப் பார்க்கவேண்டுமே, ஏரியையே நீ வெட்டினது போல!

மறுநாள் அதை மடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் யாரிடமும் நீ சொன்னதில்லை. நானே சொல்கிறேன். நாற்பது நிமிடம். நான் ஒரு பக்கம் ஏறி மிதிக்க, நீ மறுபக்கம் முறுக்க, அது எகிறி உன் மோவாயில் அடித்தது. கடைசியில் மடக்காமலே பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் பார்த்துவிட்டு, "ஏமண்ணா இதி, கொடுகா, பந்திரா?" என்றார். குடையா பந்தலா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. பஸ்ஸே சிரித்தது. நீ மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"தரை இல்லியே மாமா, பூச்சி பொட்டு வந்தா?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"குவைத்துல ஷேக்குங்களே இதுலதான் படுக்கறானுங்க. உனுக்கு இன்னா கேடு? மீன் புடிக்க வந்தியா, மாளிகை கட்ட வந்தியா?"

எந்த ஷேக் மாமா ஏரிக்கரைச் சேற்றில், வரப்பு ஓரத்தில், தவளை கத்துகிற இடத்தில் படுத்தான்? வேகமாக விரிகிறது என்பதற்காக ஒரு பொருளை நல்லது என்று நம்பினாயே, பதினோரு வருடம் வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்தது இவ்வளவுதானா?

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் நீ வயிறு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தாய். கொஞ்ச நேரத்தில் கண் இமை தூக்க முடியாமல் தொங்கியது. புத்தூர் ஆஸ்பத்திரியில் உன் கணுக்காலில் ஊசி குத்தினது போல இரண்டு புள்ளிகளைக் கண்டுபிடித்தார்கள். கட்டுவிரியன் என்றார்கள். கடித்தால் வலிக்காதாம், தூங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாதாம். மருந்து ஏற்றித் திருப்பதிக்கு அனுப்பினார்கள். வடமாலபேட்டை தாண்டும்போது உன் மூச்சு நின்றது. இடையில் நடந்த ஒன்றை இங்கே எழுதாமல் தாண்டுகிறேன். கொஞ்சம் பொறு, வருகிறேன்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள். விதியாம். வாயில் வெற்றிலையை மென்றுகொண்டே விதி என்றார்கள். ஒரு சாண் உயரத் துணித் தரையும் ஒரு ஜிப்பும் இருந்திருந்தால் விதி வெளியிலேயே சுற்றிக்கொண்டு இருந்திருக்கும் என்று கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஏரிப் பக்கம் நான் போகவில்லை. உன் கூடாரத்தைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். அது எரிவதிலும் வேகம்தான்.

இந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. ஒருநாள் சாப்பிடும்போது அக்கா கேட்டாள். "ஏரி ரொம்பிக்கீதாமே. நீ போவலியா?"

"இல்லக்கா."

"பயமா?"

நான் குழம்பை இழுத்து இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

"போலாம். நானும் வர்றேன். எத்தினி சனிக்கெழமை நீங்க ரெண்டு பேரும் கெளம்பிப் போனீங்க, ஒருநாளாவது அந்த ஏரி எப்பிடி இருக்கும்னு என்ன கூட்டினு போயிக் காட்டுனீங்களா? ஆனா ஒண்ணு, டெண்ட்டு நான்தான் பாத்து எடுப்பேன்."

திருப்பதியில் ஒரு பெரிய ஸ்போர்ட்ஸ் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் அக்காவின் நூல் புடவையை மேலும் கீழும் பார்த்தான். பிறகு என்னிடம் மட்டும் பேசினான். எடுத்த எடுப்பில் ஒரு வட்டப் பையை அவிழ்த்து எறிந்தான். அதே விரிப்பு, அதே இளிப்பு.

அக்கா கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். "இதுக்குத் தரை எங்க?"

"தனியா ஷீட் ஒண்ணு இருக்கு மேடம், கீழ போட்டுக்கலாம்."

"சுத்தி சந்து வுடுமே. அதுல இன்னா வரும்னு உனுக்குத் தெரியுமா?"

"ஸ்ப்ரே அடிச்சா ஒண்ணும் வராது மேடம். இதான் ஃபாஸ்ட் மூவிங்."

"அதான் சொல்றேன், எது வேகமா வரும்னு எனுக்குத் தெரியும். மடக்கிக் காட்டு."

அவன் மடக்க ஆரம்பித்தான். மாமா, நீ அங்கே இருந்திருக்கவேண்டும். வேர்த்துவிட்டது. இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டு பேருமாய் அதன்மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்கள். அக்கா கைகட்டி நின்று பார்த்தாள். அந்தப் பார்வையை நீ பதினோரு வருடம் பார்க்காமல் தப்பித்தாய்.

இரண்டாவதாக வந்தது, நடுவில் கயிற்றை இழுத்தால் குடைபோல எழுந்து நிற்கிற வகை. தரை சேர்த்துத் தைத்திருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஜிப்பை இழுத்தாள். உள்ளிருந்து ஒரு விரல் வெளியே நீண்டது. "மூலையில வெரல் போவுது பாரு. வேணாம்."

பக்கத்தில் பெங்களூர்க்காரன் போலத் தெரிந்த ஒருவன், முட்டிவரை கால்சட்டை, தோளில் நூறு பாக்கெட் வைத்த பை, கையில் எடுத்துவைத்த ஒரு கூடாரம், சிரித்தான். "ஆன்ட்டி, கேம்பிங்கா?"

"இல்ல தம்பி, மீன் புடிக்க. எங்க வூட்டுக்காரரு தரை இல்லாத டெண்ட்டுல பட்த்தாரு, பாம்பு கட்ச்சிப் பூட்டாரு. நீ எடுத்துக்கினது எப்பிடி கீது? அடியில கைவச்சுப் பாத்தியா?"

அவன் கையிலிருந்ததைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நகர்ந்தான். கடைக்காரப் பையன் அப்போதுதான் அக்காவை நேராகப் பார்த்தான். மூன்றாவதை அவனாகவே உள்ளிருந்து கொண்டுவந்தான். அதுவும் கயிறு வகைதான். ஆனால் தரைத்துணி தொட்டிபோல ஒரு சாண் சுவரில் ஏறியிருந்தது. வலைக்கதவு இரட்டை ஜிப், மூலையில் சந்து இல்லை. அக்கா தையல் முழுக்க விரலால் தடவி வந்தாள். நிறுத்த இரண்டு நிமிடம், மடக்க மூன்று நிமிடம். வண்டியில் குறுக்கே வைத்துக் கட்டலாம். அதை எடுத்தோம்.

போன சனிக்கிழமை போனோம் மாமா. அங்கே உன் புகழ் இன்னும் மங்கவில்லை. கோவிந்தண்ணன் உன்னைப் பார்த்து ஆசைப்பட்டு, அதேபோல ஒன்று எங்கிருந்தோ வாங்கியிருக்கிறார். உன்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஓட்டியவரே அவர்தான். அதைக் கண்ணால் பார்த்த மனிதர், எங்கள் முன்னாலேயே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வீசினார்! மனிதனுக்கு மண்டையில் என்னதான் வைத்திருக்கிறான் கடவுள்?

அக்கா சண்டை போடவில்லை. செல்போனை எடுத்து அவர் மனைவிக்குப் போட்டாள். "அண்ணீ, கோமளா பேசறேன். உங்க வூட்டுக்காரரு எதுல பட்த்துக்கப் போறாருன்னு தெரியுமா? எங்கூட்டுக்காரரு பட்த்தாரே, அதே சாமான்ல." ஸ்பீக்கரில் வந்த குரலுக்குக் கரையிலிருந்த கொக்குகள் எழுந்தன. கோவிந்தண்ணன் கூடாரத்தை விட்டுவிட்டு ஆட்டோவின் பின்சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தார்.

விடிந்ததும் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். தண்ணீரைப் பார்த்தபடி கேட்டாள். "அன்னிக்கு கடசியா இன்னாடா சொன்னாரு?"

தாண்டிப் போனேன் என்றேனே மாமா, அது இதுதான். நீ வயிற்று வலி என்றபோது நான் சிரித்தேன். "முந்தாநேத்து போண்டாவ துன்னா இப்பிடித்தான்" என்றேன். சோடா வாங்கிவந்து குடிக்கவைத்தேன். கண் சொருகியபோது தூக்கக் கலக்கம் என்று உன்னை மறுபடி படுக்கவைத்துவிட்டுத் தூண்டிலுக்குப் போனேன். கெளுத்தி கடித்துக்கொண்டிருந்தது. நாக்கு குழறியபிறகுதான் கோவிந்தண்ணனைக் கூப்பிட்டேன். இரண்டு மணிநேரம் போயிருந்தது. இதை இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. கூடாரத்தைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன், குவைத்தைத் திட்டினேன். அக்காவிடம் அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் டீயைக் குடித்து முடித்தாள். "தெரியும். எத்தினி மணிக்கு வலி ஆரம்பிச்சுது, எத்தினி மணிக்கு வண்டி ஏறுனீங்கன்னு அப்பவே கோவிந்தண்ணன் சொல்லிட்டாரு."

"ஏங்க்கா கேக்கல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன். சோடா குடுத்ததுக்கு உன்ன நான் ஒண்ணும் சொல்லல. நானா இருந்தா ஓமத்தண்ணி குடுத்திருப்பேன், எனுக்கு மட்டும் இன்னா தெரியும்? ஆனா செத்தவரு மேலயே எல்லாத்தையும் போட்டுக்கினு நீ நல்லவனா திரிஞ்ச பாரு, அதுதான் எனுக்குப் புடிக்கல."

அவள் என்னைப் பார்த்த விதத்தில் வெறுப்பு இருந்தது. நான் உன்மேல் காட்டியதைவிடச் சுத்தமான வெறுப்பு. பிறகு எழுந்துபோய்த் தூண்டிலுக்குப் புழு மாட்டினாள்.

மீன் ஒன்றும் மாட்டவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவேண்டும் என்று வண்டியில் ஏறும்போது சொன்னாள். வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மாமா. உன் முட்டாள்தனத்தை நான் மறைக்க மாட்டேன், கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் இனிமேல் எங்கே சொன்னாலும், என்னுடையதை முதலில் சொல்லிவிட்டுத்தான் உன்னுடையதற்கு வருவேன்.

இப்படிக்கு,
உன் கோமளாவின் தம்பி, உன்னைத் தூங்கவிட்டுப் போன மச்சான்,
ஜெகதீசன்