பள்ளியை மூடக் கை தூக்கியவள்

அன்புத் தோழிக்கு,

நம் பள்ளியைக் காப்பாற்றுவேன் என்று சொல்லித்தான் டீச்சர் வேலையை விட்டுக் கல்விக் குழுத் தேர்தலில் நின்றேன். வீடு வீடாக ஏறி இறங்கி எனக்கு வாக்குக் கேட்டவள் நீ.

சுவர் விரிசலைப் பொறியாளர் காட்டிய பிறகு, குழுக் கூட்டத்தில் பள்ளியை மூட நானும் கை தூக்கினேன். "உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாய்.

அதிலிருந்து என் வீட்டுப் பக்கம் யாரும் வருவதில்லை. பரவாயில்லை, படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

நேற்று உங்கள் புதிய பள்ளியைப் பார்வையிட வந்தேன். உன் வகுப்பில் ஒரு சிறுமி, "யாரு டீச்சர் இவங்க?" என்றாள்.

"மெம்பர் மேடம். எல்லாரும் எழுந்து வணக்கம் சொல்லுங்க" என்றாய்.

நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு வருடம் உன் பக்கத்து வகுப்பு டீச்சர்